வாடகை வாங்கிய சுவருக்கு வந்த நோட்டீஸ்

கேள்வி:

வணக்கம் வக்கீல் தம்பி. வயதில் மூத்தவள் என்பதால் இப்படி அழைக்கிறேன், தப்பாக நினைக்க வேண்டாம். கோலாலம்பூர் செந்தூலில் அப்பா விட்டுப் போன மூலைக் கடைவீடு என் பெயரில் இருக்கிறது. கீழே தையல் கடை, மேலே நாங்கள் குடியிருக்கிறோம். ஏழு வருடத்துக்கு முன் ஒரு விளம்பரக் கம்பெனி வந்து பக்கத்துச் சுவரில் பெரிய போர்டு மாட்டிக்கொண்டது. மாதம் 1,200 வெள்ளி (ரிங்கிட்) வாடகை. லைசன்ஸ் இருக்கிறது என்று அன்றைக்கு ஒரு நகலும் காட்டினார்கள். இப்போது மாநகர் மன்றத்திலிருந்து 14 நாளில் போர்டை அகற்றச் சொல்லி என் பெயருக்கு நோட்டீஸ் வந்திருக்கிறது. கம்பெனிக்குப் போன் போட்டால் முதலில் "கவலைப்படாதீங்க அக்கா, நாங்க பாத்துக்கிறோம்" என்றார்கள், இப்போது எடுப்பதே இல்லை. மூன்று மாத வாடகையும் பாக்கி. நடுவில் ஒருவர் கடைக்கே வந்து, தனக்கு உள்ளே ஆள் தெரியும், 3,000 வெள்ளி கொடுத்தால் விஷயத்தை முடித்துத் தருகிறேன் என்கிறார். போதாததற்கு, என் தையல் கடைப் பலகையில் தமிழ் எழுத்து பெரிதாக இருக்கிறது, அதையும் சரிசெய்ய வேண்டும் என்று அதே நோட்டீஸில் இருக்கிறது. போர்டு அவர்களுடையது, சிக்கல் எனக்கா? இதை எதிர்த்து நிற்க முடியுமா?

- ஒரு வாசகி, செந்தூல்

பதில்:

வணக்கம் அக்கா. உங்களுக்கு நாள் குறைவாக இருந்ததால் உடனே செய்ய வேண்டியதைக் கடிதம் கிடைத்த அன்றே தனியாக எழுதி அனுப்பிவிட்டேன். சுவரையும் மொட்டை மாடியையும் போர்டுக்காரர்களுக்கு விட்டிருப்பவர்கள் செந்தூல், பிரிக்பீல்ட்ஸ், ஜாலான் ஈப்போ என்று நிறையப் பேர் இருக்கிறார்கள், அவர்களில் பலருக்கு நோட்டீஸ் இன்னும் வரவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். அவர்களும் படிக்கட்டும் என்று இங்கே விரிவாக எழுதுகிறேன்.

போர்டு அவர்களுடையது, நோட்டீஸ் ஏன் எனக்கு என்று கேட்டிருக்கிறீர்கள். நம் ஆட்களில் பாதிப் பேர் இதில்தான் ஏமாறுகிறார்கள். விளம்பரம் கம்பெனியுடையதுதான். ஆனால் அதைத் தாங்கி நிற்கும் இரும்புக் கூட்டைச் சட்டம் வேறு மாதிரி பார்க்கிறது. சாலை, வடிகால், கட்டடச் சட்டம் 1974 என்று ஒன்று இருக்கிறது, மாநகர் மன்றம் உட்பட ஊராட்சி மன்றங்கள் எல்லாம் கையில் வைத்திருக்கும் முக்கியமான ஆயுதம் அதுதான். அதில் 'கட்டடம்' என்ற சொல்லுக்குக் கொடுத்திருக்கும் விளக்கத்தைப் படித்தால் வீடு, கொட்டகை, சுவர், வேலி, தூண் என்று போய்க்கொண்டே இருக்கும், அந்தப் பட்டியலில் விளம்பரத் தட்டியும் ஒன்று. அதாவது உங்கள் சுவரில் நிற்பது சட்டத்தின் கண்ணுக்கு வெறும் படம் அல்ல, அனுமதி வாங்கிக் கட்ட வேண்டிய ஒரு கட்டடம். அனுமதியில்லாத கட்டடம் என்றால் அது யார் நிலத்தில் நிற்கிறதோ அவரைத்தான் முதலில் தேடி வருவார்கள். பத்திரத்தில் இருப்பது உங்கள் பெயர். கம்பெனிக்காரன் நாளைக்கு ஆபீஸைப் பூட்டிவிட்டுப் போய்விடலாம், சுவர் எங்கேயும் போகாது.

பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை, ஆனால் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்: அனுமதியில்லாமல் கட்டடம் எழுப்பினால் அதே சட்டத்தின் 70ஆம் பிரிவில் 50,000 வெள்ளி வரை அபராதமும் சிறையும்கூட இருக்கின்றன, தொடர்ந்து வைத்திருந்தால் நாள் கணக்கில் அது கூடும். உங்கள் விஷயத்தில் அந்த அளவுக்குப் போகும் என்று நான் நினைக்கவில்லை. நோட்டீஸுக்கு மரியாதை கொடுத்துப் பதில் எழுதி, போர்டை இறக்கியவர்களை மாநகர் மன்றம் நீதிமன்றத்துக்கு இழுத்ததை நான் பார்த்ததில்லை. நோட்டீஸை மேசை இழுப்பறையில் போட்டுவிட்டுச் சும்மா இருந்தவர்களைத்தான் இழுத்துப் பார்த்திருக்கிறேன்.

சரி, அந்த லைசன்ஸ் நகலுக்கு வருவோம். ஏழு வருடத்துக்கு முன் காட்டினார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். ஊராட்சி மன்றச் சட்டம் 1976-இன் 107ஆம் பிரிவுப்படி ஒரு லைசன்ஸை அதிகபட்சம் மூன்று வருடத்துக்குத்தான் கொடுக்க முடியும். நடைமுறையில் பெரும்பாலும் ஒவ்வொரு வருடமும் புதுப்பிக்கச் சொல்வார்கள். ஆகவே நீங்கள் அன்றைக்குப் பார்த்த தாள் அசலே ஆனாலும் இன்றைக்குச் செல்லாது. நடுவில் அவர்கள் புதுப்பித்தார்களா என்பதை நீங்கள் ஒரு தடவையும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. உங்களைக் குறை சொல்லவில்லை அக்கா, வாடகை ஒழுங்காக வந்துகொண்டிருக்கும்போது யாருக்கும் கேட்கத் தோன்றாது. ஆனால் இனி யாராவது எங்கள் சுவரைக் கேட்டு வருகிறார்கள் என்று எழுதும் வாசகர்களுக்கெல்லாம் ஒன்று சொல்வேன்: லைசன்ஸில் நான்கு விஷயங்களைப் பாருங்கள். கம்பெனி பெயர் ஒப்பந்தத்தில் இருக்கும் பெயர்தானா, முகவரி உங்கள் கடையுடையதா அல்லது எதிர்த் தெருவில் உள்ள வேறு போர்டுடையதா (இப்படி ஒரு லைசன்ஸ் நகலை வைத்துக்கொண்டு ஐந்து கடைக்காரர்களுக்குக் காட்டியவர்களை எனக்குத் தெரியும்), போட்டிருக்கும் அளவும் மாட்டியிருக்கும் அளவும் ஒன்றா, தேதி எப்போது முடிகிறது. அப்புறம் விளம்பர லைசன்ஸ் வேறு, கட்டட அனுமதி வேறு. முன்னதை மன்றத்தின் லைசன்ஸ் பிரிவு கொடுக்கும், பின்னது இரும்புக் கூட்டுக்கானது, அதற்குப் பதிவு பெற்ற தொழில்முறைப் பொறியாளர் கையெழுத்து வேண்டும். முதல் தாளை மட்டும் காட்டி இரண்டாவதைப் பற்றி மூச்சு விடாத கம்பெனிகள் நிறைய.

எதிர்த்து நிற்க முடியுமா என்ற கேள்விக்கு நேராகவே சொல்கிறேன். முடியும், ஆனால் உங்கள் விஷயத்தில் வேண்டாம்.

அதே 107ஆம் பிரிவு சொல்வது என்னவென்றால், கொடுத்த லைசன்ஸை ஊராட்சி மன்றம் எந்த நேரத்திலும், காரணம் சொல்லாமலேயே மீட்டுக்கொள்ளலாம், அதனால் வந்த நஷ்டத்துக்கு இழப்பீடு கேட்கவும் முடியாது. படிக்கும்போது நெஞ்சு கொதிக்கும். இவ்வளவு அதிகாரமா என்று எனக்கும் வக்கீல் தொழிலுக்கு வந்த புதிதில் தோன்றியது. அதற்காக மன்றம் நினைத்ததையெல்லாம் செய்யலாம் என்று அர்த்தமில்லை. ஸ்ரீ லெம்பா வழக்கு என்று ஒன்று 1979-இல் சட்ட அறிக்கைகளில் வந்தது, இதே கோலாலம்பூரில் ஒரு நிலத்தைப் பற்றியது. பின்னாளில் பேராக் சுல்தானாகவும் மாமன்னராகவும் ஆன ராஜா அஸ்லான் ஷா அப்போது நீதிபதி. சட்டம் தருகிற எந்த அதிகாரத்துக்கும் எல்லை உண்டு, எல்லையில்லாத அதிகாரம் சர்வாதிகாரம்தான் என்ற பொருளில் அவர் எழுதியதை இன்றைக்கும் நாங்கள் நீதிமன்றத்தில் எடுத்துக் காட்டுகிறோம். லைசன்ஸ் முறையாக இருந்து, கட்டணமெல்லாம் கட்டியிருந்து, விளக்கம் கேட்காமல் மன்றம் போர்டை வெட்டிப் போட்டிருந்தால் மன்றத்தின் முடிவு சட்டப்படி சரியா என்று பார்க்கச் சொல்லும் சீராய்வு மனுவை உயர்நீதிமன்றத்தில் போடுங்கள் என்று நானே சொல்வேன். அதற்கும் மன்றத்தின் முடிவு உங்களுக்குத் தெரிந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் போக வேண்டும். அந்தக் கெடுவைத் தவறவிட்டு வந்து அழுதவர்கள் உண்டு.

உங்கள் கையில் இருப்பது காலாவதியான ஒரு நகல். கட்டட அனுமதி இருந்ததாக ஒரு தாளும் இல்லை. இதை வைத்துக்கொண்டு வழக்கு நடத்தினால் செலவு உங்களுடையது, லாபம் போன் எடுக்காத கம்பெனியுடையது. அவர்களுக்காக நீங்கள் ஏன் நீதிமன்றப் படி ஏற வேண்டும்?

இன்னொரு காரணமும் இருக்கிறது, எனக்கு அதுதான் பெரிது. 2019 செப்டம்பரில் சென்னை பள்ளிக்கரணையில் சாலை நடுவில் கட்டியிருந்த ஒரு பேனர் சரிந்து, ஸ்கூட்டரில் வந்த இளம்பெண் கீழே விழுந்து, பின்னால் வந்த தண்ணீர் லாரி ஏறி இறந்துபோனாள். நம் வீடுகளில் எல்லாம் அன்றைக்கு அதைப் பற்றித்தான் பேச்சு. 2024 மே 13 அன்று மும்பை காட்கோபரில் ஒரு பெட்ரோல் நிலையத்தின்மேல் பெரிய போர்டு ஒன்று காற்றில் சாய்ந்ததில் 17 பேர் போனார்கள். அனுமதிக்கப்பட்ட அளவு 40 அடிக்கு 40 அடி, நின்றது 120 அடிக்கு 120 அடி. இந்தியாவில்தானே நடந்தது என்று சொல்லாதீர்கள். நம் ஊரில் பருவம் மாறும் மாதங்களில் சாயங்காலம் அடிக்கும் காற்றையும், விடியற்காலையில் சுமத்ரா பக்கமிருந்து வருகிற காற்றையும் பார்த்தவர்களுக்குத் தெரியும், மரமே வேரோடு வந்துவிடுகிறது. போர்டு என்பது காற்றுக்கு விரித்து வைத்த பாய் மாதிரி. சில வருடங்களுக்கு முன் இதே மாதிரி ஒரு வழக்குக்காக ஒரு கடைவீட்டின் மாடியில் ஏறிப் பார்த்தேன். கீழேயிருந்து பார்க்கும்போது புத்தம் புதுப் படம், பளபளவென்று விளக்கு. பின்னால் போய்ப் பார்த்தால் சுவரில் அடித்த போல்ட்டுகள் கையால் தொட்டாலே துருவாக உதிர்ந்தன, பழைய செங்கல் சுவரில் விரல் நுழையும் அளவுக்கு விரிசல். படத்தை மாதாமாதம் மாற்றியிருக்கிறார்கள், போல்ட்டை மாட்டின நாளிலிருந்து யாரும் தொடவில்லை. அதற்கு நேர் கீழே அஞ்சடியில், அதாவது கடைமுன் நடைபாதையில், ஒரு பாட்டி பூக்கட்டி விற்றுக்கொண்டிருந்தார். அந்தக் காட்சி எனக்கு இன்னும் மறக்கவில்லை. உங்கள் கடைவீடும் அப்பா காலத்துக் கட்டடம் என்கிறீர்கள், ஏழு வருடமாக யாராவது மேலே ஏறிப் பார்த்தார்களா என்று எனக்குத் தெரிய வேண்டும். இல்லையென்றால் முதல் வேலையாக அந்தச் சுவருக்குக் கீழே வண்டி நிறுத்தவும் கடை போடவும் விடாதீர்கள்.

இப்போது பதில் கடிதம். மலாயில் எழுதுங்கள், நீளமாக வேண்டாம். நோட்டீஸ் எண், தேதி, உங்கள் பெயர், கட்டட முகவரி. இந்தப் போர்டு இன்ன கம்பெனியால் இன்ன வருடம் மாட்டப்பட்டது, ஒப்பந்த நகல் இணைத்திருக்கிறேன், அதை அகற்ற ஏற்பாடு செய்துகொண்டிருக்கிறேன், பாதுகாப்பாக இறக்க இத்தனை நாள் அவகாசம் வேண்டும். இவ்வளவு போதும். அவகாசம் கேட்டால் கொடுத்தே ஆக வேண்டும் என்று சட்டம் இல்லை, ஆனால் கெடு முடிவதற்கு முன்னால், வேலைக்கு ஆள் பேசிய விலைப்பட்டியலையும் சேர்த்து வைத்துக் கேட்டால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். ஜாலான் ராஜா லாவுட்டில் இருக்கும் தலைமையகத்துக்கு நேரில் கொண்டுபோய்க் கொடுத்து, உங்கள் நகலில் சாப் (முத்திரை) குத்தி வாங்கிக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினேன், அதிகாரி பார்த்தார், நீலக் கோடு வந்தது என்பதெல்லாம் பின்னால் உதவாது. இங்கே பினாங்கு மாதிரி நகராண்மைக் கழக உறுப்பினர் என்று ஒருவர் கிடையாது, கோலாலம்பூரில் எல்லா அதிகாரமும் மேயரான டத்தோ பண்டாரிடம் இருக்கிறது. யாராவது உங்களுக்காக ஒரு வார்த்தை பேச வேண்டுமென்றால் உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரின் சேவை மையத்துக்கு அந்தக் கடித நகலோடு போங்கள். போர்டைக் காப்பாற்றித் தரச் சொல்லிக் கேட்காதீர்கள், அவகாசம் வாங்கித் தரச் சொல்லிக் கேளுங்கள்.

கெடு முடிந்தும் போர்டு நின்றால் மன்றமே வந்து வெட்டும், அந்தச் செலவை உங்களிடம் கேட்கும். அவர்கள் வெட்டுகிற வேகத்தில் சுவருக்கு என்ன ஆகுமோ சொல்ல முடியாது. அதனால் நீங்களே இறக்குவதுதான் சுவருக்கும் நல்லது, பணத்துக்கும் நல்லது.

இறக்கும் வேலையைப் பழைய இரும்பு வாங்குகிறவரிடம் விட்டுவிடாதீர்கள். "இரும்பை எனக்குக் கொடுங்கள், இலவசமாகக் கழற்றித் தருகிறேன்" என்று யாராவது வருவார், கண்டிப்பாக வருவார். ஒரு கயிறும் கேஸ் கட்டரும் வைத்துக்கொண்டு மேலே ஏறுகிற அந்தப் பையன் விழுந்தால் நீங்கள்தான் நிற்க வேண்டும். கட்டுமானத் தொழில் வாரியமான சிஐடிபியில் பதிவு செய்த குத்தகையாளர், உயரத்தில் வேலை செய்யும் பாதுகாப்புச் சாமான், கீழே தடுப்பு, இவை இருக்க வேண்டும். கூடு பெரிதென்றால் பொறியாளர் ஒருவர் ஒரு தடவை வந்து பார்த்து எந்தப் பக்கத்திலிருந்து கழற்றுவது என்று சொல்லட்டும், அதற்குக் கொடுக்கும் பணம் வீண் இல்லை. விளக்குகளுக்கு மின்சாரம் எங்கிருந்து போகிறது என்றும் பாருங்கள், பல இடங்களில் கடைக்காரரின் மீட்டரிலிருந்தே இழுத்திருப்பார்கள். லைசன்ஸ் உள்ள வயர்மேன் அதைத் துண்டித்த பிறகுதான் யாரும் மேலே ஏற வேண்டும்.

ஆனால் போர்டு கம்பெனியின் பொருள், அதை நீங்கள் பாட்டுக்குக் கழற்றி விற்றுவிட்டால் பிறகு அவர்கள் உங்கள்மேல் திரும்புவார்கள். ஆகவே முதலில் அவர்களுக்கு ஒரு கடிதம். கம்பெனிகளைப் பதிவு செய்யும் ஆணையமான எஸ்எஸ்எம்மில் சில வெள்ளி கட்டினால் கம்பெனியின் இன்றைய பதிவு முகவரியும் இயக்குநர்கள் பெயரும் கிடைக்கும். அந்த முகவரிக்குப் பதிவுத் தபாலில், இத்தனை நாளுக்குள் நீங்கள் இறக்க வேண்டும், இல்லையென்றால் நான் இறக்கி உங்கள் செலவில் வைத்திருப்பேன், இறக்கிய கூலியும் வாடகைப் பாக்கியும் சுவரைச் சரிசெய்யும் செலவும் உங்களைச் சேரும் என்று எழுதுங்கள். தபால் திரும்பி வந்தாலும் உறையைப் பிரிக்காமல் பத்திரப்படுத்துங்கள்.

இன்னொரு வழி சொல்கிறேன், இதை யாரும் யோசிப்பதில்லை. இப்போது போர்டில் ஓடுவது யாருடைய விளம்பரம்? அந்த நிறுவனத்தின் தலைமை அலுவலகத்துக்கு நோட்டீஸின் நகலோடு ஒரு கடிதம் போடுங்கள். உங்கள் பெயர் பெரிதாக எழுதியிருக்கும் இந்தப் போர்டுக்கு அனுமதி இல்லை என்று மாநகர் மன்றம் சொல்கிறது, உங்கள் விளம்பர முகவரிடம் கேளுங்கள் என்று. பெரிய நிறுவனங்களுக்குத் தங்கள் பெயர் இப்படிச் சிக்குவது பிடிக்காது. உங்கள் போனை எடுக்காத கம்பெனிக்காரர் அவர்கள் போனை எடுப்பார். என் அனுபவத்தில் வக்கீல் கடிதத்தைவிட இது சீக்கிரம் வேலை செய்கிறது.

பணத்தைத் திரும்ப வாங்க முடியுமா? மூன்று மாத வாடகை 3,600 வெள்ளி. 5,000 வெள்ளிக்குள் உள்ள தொகைக்கு மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் சிறு கோரிக்கை வழக்கு இருக்கிறது, வக்கீல் தேவையில்லை, நீங்களே பாரம் நிரப்பிப் போடலாம். இறக்கும் செலவையும் சேர்த்தால் தொகை அதைத் தாண்டலாம், அப்போது சாதாரண வழக்கு. ஒப்பந்தக் கடனுக்கு ஆறு வருடம் வரை கால அவகாசம் இருப்பதால் இதற்கு இன்றைக்கே ஓட வேண்டியதில்லை, முதலில் போர்டு இறங்கட்டும். ஒரு சிக்கலை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அனுமதியில்லாத காரியத்துக்காகப் போட்ட ஒப்பந்தம் செல்லாது என்று எதிர்த்தரப்பு ஒப்பந்தச் சட்டம் 1950-ஐக் காட்டி வாதாடலாம். அதற்குப் பதில், லைசன்ஸ் வாங்குவது யார் பொறுப்பு என்று உங்கள் ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதில் இருக்கிறது. கம்பெனியே எல்லா அனுமதியும் எடுக்கும், அதனால் வரும் நஷ்டத்தையும் ஏற்கும் என்று ஒரு வரி இருந்தால் நீங்கள் பலமாக நிற்கலாம். அந்த ஒப்பந்தத்துக்கு முத்திரை வரி கட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள், கட்டாத தாளை நீதிமன்றம் சாட்சியாக எடுத்துக்கொள்ளாது. இப்போது தண்டத்தோடு கட்டிக்கொள்ளலாம். வாடகையை வருமான வரியில் காட்டவில்லை என்றால் அதையும் சரிசெய்துவிடுங்கள், வழக்கு என்று போனால் அந்தக் கணக்கு வெளியே வரும்.

கம்பெனிக்காரர்கள் திரும்பி வந்து "எல்இடி திரையாக மாற்றிவிடலாம் அக்கா, வாடகை இரண்டு மடங்கு, பழைய லைசன்ஸே போதும்" என்றால் நம்ப வேண்டாம். திரை என்றால் எடை வேறு, மின்சாரம் வேறு, வெளிச்சம் வேறு, எல்லாவற்றுக்கும் புதிதாக அனுமதி வேண்டும்.

3,000 வெள்ளி கேட்டு வந்தவர் விஷயத்தில் எனக்குக் கோபம் வருகிறது. ஒரு காசு கொடுக்காதீர்கள். அவருக்கு உள்ளே ஆள் தெரிகிறதோ இல்லையோ, கொடுத்தால் நீங்களும் குற்றவாளி. ஊழல் தடுப்பு ஆணையச் சட்டம் 2009-இன் 25ஆம் பிரிவுப்படி லஞ்சம் கேட்கப்பட்டவர் அதைப் புகார் செய்தே ஆக வேண்டும், தகுந்த காரணமில்லாமல் மறைத்தாலும் அது குற்றம்தான். அவர் வந்த நாள், நேரம், என்ன சொன்னார், வண்டி எண் ஞாபகமிருந்தால் அது, எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி ஊழல் தடுப்பு ஆணையமான எஸ்பிஆர்எம் அலுவலகத்தில் கொடுங்கள். தனியாகப் போகப் பயமாக இருந்தால் என்னைக் கூப்பிடுங்கள், நான் வருகிறேன், அதற்குக் கட்டணம் வேண்டாம். நோட்டீஸ் வந்த கடைகளைத் தேடி இப்படி ஆட்கள் வருவது எனக்குத் தெரிந்து இது முதல் தடவை இல்லை. பாதிப் பேர் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொள்வதால்தான் அவர்கள் அடுத்த கடைக்குப் போகிறார்கள்.

உங்கள் தையல் கடைப் பலகைக்கு வருகிறேன். இது உங்கள் மனத்தை அதிகம் புண்படுத்தியிருக்கும் என்று தெரியும். அப்பா வைத்த பெயர், அப்பா எழுதச் சொன்ன தமிழ் எழுத்து. முதலில் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், தமிழை எடுக்கச் சொல்ல யாருக்கும் அதிகாரமில்லை. அரசாங்க அலுவல் தவிர மற்ற எதற்கும் வேறு மொழியைப் பயன்படுத்துவதைத் தடுக்கக் கூடாது என்று கூட்டரசு அரசியலமைப்பின் 152ஆம் விதியே சொல்கிறது. ஆனால் கோலாலம்பூரில் 1982-ஆம் ஆண்டின் கூட்டரசுப் பிரதேச விளம்பரத் துணைச் சட்டங்கள் இருக்கின்றன, அவற்றின்படி கடைப் பலகையில் மலாய் இருக்க வேண்டும், அது மற்ற மொழிகளைவிட எடுப்பாகவும் இருக்க வேண்டும். 2024 நவம்பரில் மாநகர் மன்றம் இதை வைத்துக் கடை கடையாகச் சோதனை செய்தபோது பெரிய விவாதமே நடந்தது, உங்களுக்கு ஞாபகமிருக்கும். அந்த விதி சரியா தவறா என்று நாம் தனியாகப் பேசலாம், எனக்கும் சொல்ல நிறைய இருக்கிறது, ஆனால் உங்கள் கையில் இருக்கிற நோட்டீஸுக்கு அந்த விவாதம் பதில் ஆகாது. மலாய் வரியை மேலே பெரிதாகப் போட்டு, தமிழைக் கீழே அழகாக எழுதுங்கள். பலகை தயாரிப்பதற்கு முன்னால் வாசகத்தை அரசாங்கத்தின் மலாய் மொழி அமைப்பான டேவான் பகாசா டான் புஸ்தாகாவில் கொடுத்து மலாய் சரியாக இருக்கிறதா என்று உறுதி வாங்கிக்கொள்ளுங்கள், பிறகு அளவோடு வரைந்து லைசன்ஸ் பிரிவில் காட்டுங்கள். செய்துவிட்டு அப்புறம் காட்டினால் இரண்டு தடவை செலவு. அப்பாவின் பழைய பலகையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், கடைக்குள்ளே சுவரில் மாட்டுங்கள். உள்ளே இருப்பதை யாரும் அளக்க மாட்டார்கள்.

பினாங்கிலிருந்தும் சிலர் இதே மாதிரி கேட்டிருந்தார்கள், அவர்களுக்கு இரண்டு வரி. தீவுக்கும் செபராங் பிறைக்கும் தனித்தனி மாநகர் மன்றம், தனித்தனித் துணைச் சட்டம், ஆகவே நான் மேலே சொன்ன 1982-ஆம் ஆண்டு விதி உங்களுக்குப் பொருந்தாது. 107ஆம் பிரிவும் 1974-ஆம் ஆண்டுச் சட்டமும் உங்களுக்கும் பொருந்தும். ஜார்ஜ் டவுனில் 2008 ஜூலையில் யுனெஸ்கோ அறிவித்த பாரம்பரிய எல்லைக்குள், அதாவது மையப் பகுதியும் அதைச் சுற்றிய பகுதியுமாகச் சுமார் 259 ஹெக்டருக்குள் உங்கள் கடை இருந்தால், லெபோ பாசார், லெபோ குயின் பக்கத்துக் கடைகளெல்லாம் அதில் அடங்கும், பழைய கடைவீட்டின் முகப்பையும் சன்னல்களையும் மறைக்கும் பலகைக்கு அனுமதி கிடைப்பது மிகவும் கஷ்டம். பெரிய போர்டுக்காரர் யாராவது வந்து சுவர் கேட்டால் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் மன்றத்தின் பாரம்பரியப் பிரிவில் கேட்டுவிடுங்கள்.

அக்கா, போர்டு இறங்கிய அன்றே நான்கு பக்கமிருந்தும் தேதியோடு படம் எடுங்கள், போல்ட் ஓட்டைகளைத் தனித்தனியாக எடுங்கள், கம்பெனியிடம் செலவு கேட்க அதுதான் சாட்சி. ஓட்டைகளைச் சும்மா சிமெண்டால் பூசிவிடாமல், செங்கல் உள்ளே உடைந்திருக்கிறதா என்று மேஸ்திரியைத் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள், மழை நீர் அந்த வழியாகத்தான் உங்கள் படுக்கையறைச் சுவருக்கு வரும். பிறகு அந்தப் படங்களை இணைத்து, நோட்டீஸ்படி அகற்றியாகிவிட்டது, கோப்பை முடித்துவையுங்கள் என்று மன்றத்துக்கு இரண்டாவது கடிதம் கொடுத்து அதற்கும் சாப் வாங்குங்கள். ஒப்பந்தத்தின் நகலை இந்த வாரமே எனக்கு அனுப்புங்கள், நஷ்டத்தைக் கம்பெனி ஏற்கும் என்ற அந்த வாசகம் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறேன்.